இப்போதைக்கு ஓடும்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆனால் லிஃப்ட் கம்பெனியிலும் சபையிலும் தெருவிலும் அவர் பம்பரம்தான். சுற்றுகிற வரைக்கும் நிற்பார், நிறுத்தினால் சாய்ந்துவிடுவார் என்பது பெயர் வைத்தவரின் அபிப்பிராயம். அந்தப் பெருமைக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடினார்கள். ஒருவர் அவருடைய மாமியார்.

நாற்பத்தெட்டு வயதுக்குள் பம்பரம் தொடங்கிய காரியங்களுக்குக் குறைவில்லை. வீட்டில் மீன் இல்லாத மீன்தொட்டி ஒன்று இருந்தது. அலமாரி மேல் கம்பி மாட்டாத கிட்டார் கிடந்தது. படுக்கையறைச் சுவரில் பாதி இளநீலம், பாதி பழைய மஞ்சள். பெயிண்ட் அடிக்க ஆரம்பித்த அன்று யாரோ போன் செய்துவிட்டார்கள், அது நடந்து நாலு வருடம். அந்த அறையில்தான் இப்போது அவருடைய மனைவி முதுகெலும்பு அறுவை சிகிச்சை முடிந்து மல்லாந்து படுத்திருந்தாள். நீலம் எந்த இடத்தில் மனம் மாறியதோ அந்தக் கோட்டை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்கு வாய்த்தது.

அவள் நேர் எதிர் ஜாதகம் என்று சொல்லலாம். கிறிஸ்தவ வீடு என்பதால் சொல்வதில்லை. சபையில் வெள்ளிக்கிழமைதோறும் ஜெபச் சங்கிலி நடந்தது. காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஒரு மணி நேரம், ஆலயத்தை ஒட்டிய சின்ன அறையில் தனியாக உட்கார்ந்து ஜெபிக்க வேண்டும். கைபேசியை வாசலில் இருக்கும் பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டுவிட வேண்டும். அடுத்தவர் வந்து உட்காரும்வரை முந்தையவர் எழுந்திருக்கக் கூடாது. பன்னிரண்டு பேரின் பெயரும் சுவரில் ஒரு மரப்பலகையில் எழுதியிருந்தது. நாலிலிருந்து ஐந்து, ஒன்பது வருடமாக அவளுடையது.

“நான் எழுந்து நடக்கிற வரைக்கும் என் மணிய நீங்க புடிச்சுக்கணும்” என்றாள், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே.

“நானா? ஒரு மணி நேரமா? உட்காந்தா?”

“நின்னுக்கிட்டும் ஜெபம் பண்ணலாம். ஓடிக்கிட்டுத்தான் முடியாது.”

“சபைச் செயலாளர் டீச்சர்கிட்ட சொல்லி வேற யாருக்காவது மாத்திடலாமே?”

அவள் சுவரின் கோட்டைப் பார்த்தாள். “அந்தப் பலகைல என் பேர அழிச்சுட்டாங்கன்னா நான் படுத்தே போனவளா ஆயிடுவேங்க. மத்ததெல்லாம் போச்சு. அது ஒண்ணாவது இருக்கட்டும்.”



முதல் வெள்ளிக்கிழமை அவர் அறையில் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். நாற்காலி முனகியது. கண்ணைத் திறந்தார். அடுத்த வாரம் ஸ்குரூ டிரைவரோடு வந்து நாற்காலியைச் சரிசெய்தார். அதன் பிறகு மின்விசிறி, அதன் பிறகு ஜன்னல் கொக்கி, அதன் பிறகு கதவு. இரண்டு மாதத்தில் அந்த அறையில் பழுதுபார்க்க அவரைத் தவிர வேறு எதுவும் மிச்சமில்லை. அன்றைக்குத்தான் தொல்லை ஆரம்பமாயிற்று.

கண்ணை மூடினால் கேபிள் தேய்ந்த லிஃப்ட், மச்சினனுக்கு வாங்கித் தருவதாகச் சொன்ன ஹெல்மெட், பத்தாம் வகுப்பில் சண்டை போட்டவன் இப்போது எங்கே இருப்பான் என்ற கவலை. ஆண்டவர் ஜெபித்துக்கொண்டிருந்த தோட்டத்தில் ஒரு மணி நேரம் விழித்திருக்க முடியாமல் தூங்கிப்போன சீடர்களைப் பற்றி ஆயர் பிரசங்கம் செய்தபோது, பம்பரத்துக்கு அவர்கள் மேல் பொறாமையாக இருந்தது. அவர்களாவது ஒரே இடத்தில் தூங்கினார்கள்.

ஒரு வெள்ளி, முப்பதாவது நிமிடத்தில், ஏற்கெனவே சரிசெய்த கொக்கிக்கு இன்னொரு ஆணி வாங்கிவரக் கடைக்குப் போனவர், கடைக்காரரின் ஷட்டரைச் சரிசெய்துவிட்டு ஆறு மணிக்குத் திரும்பினார். இன்னொரு வெள்ளி, அது வெள்ளி என்பதே மறந்துபோய் ஏதோ ஒரு கட்டடத்தின் பதினோராம் மாடியில் லிஃப்ட் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். சபைச் செயலாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, எல்லோருக்கும் டீச்சர். ஜெபச் சங்கிலி நோட்டைத் திறந்து, அறுந்த இரண்டு மணியையும் விரலால் தொட்டுக் காட்டினார்.

“பிரதர், ரெண்டு.”

“தெரியும் டீச்சர்.”

“மூணாவது வந்தா அந்த மணிய வேற ஒருத்தருக்குக் குடுத்துடுவேன். சிஸ்டர் மேல எனக்குப் பாசம் இல்லாம இல்ல. ஆனா சங்கிலின்னா சங்கிலி.”

வீட்டில் இதை அவர் சொல்லவில்லை. டீச்சர் சொல்லிவிட்டார். மனைவி கோபித்துக்கொள்ளவில்லை என்பதுதான் அவரைப் படுத்தியது.

அந்த வாரம் முழுக்க அவர் மணிக்கட்டில் பேனாவால் “வெள்ளி 4” என்று எழுதிக்கொண்டு திரிந்தார். வெள்ளி காலையில் ஆலயத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஆறு மாடிக் கட்டடத்தில் வேலை. மூன்றாம் மாடிக் கதவுப் பூட்டில் ஒரு சின்னச் செப்புத் தகடு தேய்ந்திருந்தது. கதவு மூடியிருக்கிறது என்று லிஃப்டுக்குச் சொல்வது அந்தத் தகடுதான்; அது தடுமாறினால் பெட்டி நடுவழியில் நின்றுவிடும். புதுத் தகடு பையில் இருந்தது. மாற்றி, இருபது தடவை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்து முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். அடுத்த இடத்திலிருந்து ஏற்கெனவே இரண்டு போன் வந்துவிட்டது. பம்பரம் பழைய தகட்டைக் குறடால் கொஞ்சம் வளைத்தார், மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார்.

“முடிஞ்சுதா?” என்றார் கட்டடத்துக் காவலாளி.

“இப்போதைக்கு ஓடும்.”

அவருடைய வாழ்க்கையில் அதிகம் புழங்கிய வாக்கியம் அதுதான். திருமண நாளன்று காரைப் பற்றியும் அதையே சொல்லியிருந்தார்.

மாலை மூன்று ஐம்பதுக்கே அறைக்குப் போய்விட்டார். கைபேசியை டப்பாவில் போட்டார், நோட்டில் கையெழுத்துப் போட்டார், உட்கார்ந்தார். மனைவி எழுதிக் கொடுத்த பெயர்ப் பட்டியலை ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபித்தார். முடித்துவிட்டுப் பார்த்தால் நாலு பன்னிரண்டு. மறுபடி முதலிலிருந்து சொன்னார். இந்தத் தடவை பாதியில் ஒரு பெயருக்குரியவரின் தண்ணீர் மோட்டார் ஞாபகத்துக்கு வந்தது. திரும்பவும் முதலிலிருந்து.

ஐந்து மணிக்கு அடுத்தவர் வர வேண்டும். அடுத்தவர், அதாவது கடைசி ஆள், ஓய்வுபெற்ற தபால்காரர். ஜெபம் முடித்து அறையைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்வது அவர்தான். ஐந்து என்றால் நாலு ஐம்பத்தைந்துக்குச் செருப்புச் சத்தம் கேட்கும். அன்று கேட்கவில்லை.

ஐந்து பத்துக்கு டப்பாவுக்குள் கைபேசி அதிர்ந்தது. ஒலியை அணைத்து வைத்திருந்தார். தகரத்தில் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி அது விர்ரென்று சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. பம்பரத்தின் வலது கால் தானாக எழுந்து வாசலைப் பார்த்தது. அவர் இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்து அமுக்கினார்.

“ஆண்டவரே, இது உங்க வேலையா, சாத்தான் வேலையா?” என்று வாய்விட்டே கேட்டார். பதில் டப்பாவிலிருந்துதான் வந்தது: விர்ர்.

ஆறு மணி ஆயிற்று. சங்கிலிக்கு நேரம் முடிந்தது, இனிமேல் உட்கார்ந்திருக்க அவசியம் இல்லை என்று மனத்துக்குள் ஒரு வக்கீல் எழுந்து வாதாடினார். நல்ல வாதம். ஆனால் அடுத்தவர் வராமல் எழுந்திருக்கக் கூடாது, எழுந்தால் மூன்று. சுவரில் பலகை நேர் எதிரே இருந்தது. மனைவியின் பெயரில் ஒரு எழுத்து லேசாக உரிந்திருந்தது. பையில் பெயிண்ட் இல்லை என்பதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

பட்டியலை எத்தனையாவது தடவையாகத் திருப்பினார் என்று தெரியவில்லை. தண்ணீர் மோட்டார் வந்தபோது அதைத் துரத்தாமல், மோட்டாருக்குரிய கிழவருக்காகவே ஜெபித்தார். ஹெல்மெட் வந்தது; மச்சினனுக்காக ஜெபித்தார். பத்தாம் வகுப்புச் சண்டைக்காரன் வந்தான். கொஞ்சம் தயங்கி அவனுக்காகவும் ஜெபித்தார். எதுவும் ஒளிரவில்லை, குரல் எதுவும் கேட்கவில்லை, கால் அரித்துக்கொண்டேதான் இருந்தது. ஒரு கட்டத்தில் டப்பா சத்தம் நின்றுபோனதையும் அவர் கவனிக்கவில்லை.

ஏழடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது தபால்காரர் வந்தார். சட்டை முழுக்க வியர்வை.

“இன்னும் இருக்கீங்களா தம்பி?”

“நீங்க வராம எப்படிண்ணே எழுந்திருக்கிறது? மூணு மணி நேரம் ஆகப்போகுது! அசையல!” பம்பரத்தின் குரலில் பள்ளிப் பரிசு வாங்கியவனின் பெருமை இருந்தது.

“அசையாம இருந்ததுல நானும் உங்களுக்குக் கொறஞ்சவன் இல்ல. நாலே முக்காலுக்கு லிஃப்ட்ல ஏறினேன். மூணாவது மாடிக்குப் பக்கத்துல நின்னுபோச்சு. போனு எதுக்கு, டப்பாலதானே போடப்போறோம்னு வெள்ளிக்கிழம நான் எடுத்துட்டு வர்றதே இல்ல. முப்பத்தஞ்சு வருஷம் ஒரு கடிதத்த நடுவழில விட்டவன் இல்ல தம்பி, இன்னிக்கு நானே டெலிவரி ஆகாம தொங்கினேன்.”

பம்பரத்தின் முகத்திலிருந்து பரிசு நழுவியது.

“எந்தக் கட்டடம்ணே நீங்க?”

தபால்காரர் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. பம்பரம் எழுந்து போய் டப்பாவைத் திறந்தார். காவலாளியிடமிருந்து பதினான்கு அழைப்புகள். கடைசியில் கம்பெனி ஊரின் மறுகோடியிலிருந்து வேறொரு மெக்கானிக்கை அனுப்பியிருந்தது.

தன் வாழ்நாளில் முதல்முறையாக அவர் ஒரு இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்; உட்கார்ந்திருந்த நேரமெல்லாம், அசைந்திருக்க வேண்டிய இடம் இரண்டு தெரு தள்ளி அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

“காலைல நான்தான்ணே அத பாத்தேன்” என்றார். “புதுத் தகடு இன்னும் என் பைலயே இருக்கு.”

“தெரியும். காவலாளி சொன்னாரு.” தபால்காரர் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்தார். இப்போது அது முனகவில்லை. “என் மணிய அங்கயே முடிச்சுட்டேன். பாதி ஜெபம் உங்களுக்காகத்தான் பண்ணினேன். மீதி உங்களப் பத்தி. அத வெளிய சொல்ல முடியாது. போங்க, பூட்டணும்.”

வீட்டுக்கு அவர் போவதற்குள் செய்தி போயிருந்தது. மனைவியின் தலைமாட்டில் கைபேசி இன்னும் சூடாக இருந்தது.

“டீச்சர் பேசினாங்க. மூணு மணி நேரம் உட்காந்திருக்கீங்க. பேர் பலகைல இருக்கும்னாங்க.” அவள் கண் நனைந்திருந்தது. அதோடு விட்டிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். “தபால்கார அண்ணன் மாட்டிக்கிட்டதையும் சொன்னாங்க. அந்த லிஃப்ட் இப்ப ஓடுதா?”

“வந்த மெக்கானிக் என்னவோ பண்ணியிருக்கான். இப்போதைக்கு…”

வாக்கியம் மூன்றாம் மாடிக்குப் பக்கத்தில் நின்றது. அவள் சுவரில் நீலம் முடிகிற இடத்தைப் பார்த்தாள்.

சனிக்கிழமை கம்பெனிக்கு விடுமுறை. காலை எட்டுக்கு பம்பரம் அந்தக் கட்டடத்தில் இருந்தார். கைபேசியைக் காவலாளியிடம் நீட்டி, “மேசைக்குள்ள வெச்சுப் பூட்டுங்க. யாராவது மாட்டிக்கிட்டாங்கன்னா மட்டும் ஓடி வந்து கூப்பிடுங்க” என்றார்.

“உள்ள நீங்களே மாட்டிக்கிட்டா?”

“அப்ப கூப்பிடாதீங்க.”

தகட்டை மாற்ற முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதன் பிறகு ஓட்டம். மேலே, கீழே, ஒன்று. மேலே, கீழே, இரண்டு. நாலாவதிலேயே கதவு அவ்வளவு ஒழுங்காக மூடியது. இதற்கு மேல் பார்ப்பது வீண் என்று பழைய வக்கீல் எழுந்தார். ஏழாவதில் மேசைக்குள் கைபேசி விர்ரென்றது. காவலாளி கையை விரித்துக் காட்டினார்; யாரும் எங்கும் மாட்டிக்கொள்ளவில்லை. பம்பரம் பொத்தானை அழுத்தினார்.

பன்னிரண்டாவது முடிந்தபோது தபால்காரர் வெளியே போய்விட்டு வந்து நின்றார், கையில் செய்தித்தாள்.

“என்ன தம்பி, ஓடுமா?”

“இன்னும் எட்டு தடவ பாக்கணும்ண்ணே.”

“அஞ்சாவது மாடி தம்பி எனக்கு. மூட்டுவலி வேற.”

“எட்டுதாண்ணே.”

தபால்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு படிக்கட்டின் முதல் படியில் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்தார். “சரி. அடுத்தவர் இங்க உட்காந்தாச்சு. ஆனா இருபதும் முடிக்கிற வரைக்கும் நீங்க எழுந்திருக்கக் கூடாது.”

பம்பரம் பெட்டிக்குள் ஏறினார். வலது கால் வழக்கம்போல வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. கை மட்டும் பொத்தானில் இருந்தது. கதவு மூடியது. மேலே, கீழே.

“பதிமூணு” என்றார் தபால்காரர், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல்.