தானாக முளைக்காத தீவு

மேட்டுப்பாளையம் ரோட்டில் போகிறவர்கள் கண்ணில் படுகிற மூன்று மில்லுகளுக்குக் கடைக்கால் தோண்டியவன் நான். மற்றவர்கள் பாறை என்று சொல்லிக் கைவிட்டுப் போன கிணறுகளில் இறங்கித் தண்ணீர் காட்டியவன் நான். எங்கள் ஊர்ப் பள்ளத்துக்குக் குறுக்கே நான் போட்ட கல்பாலத்தின் மேல் இன்றைக்கும் லாரி போகிறது. அப்பனுக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. கை கொடுத்தவன் ஒருத்தன் இல்லை, காலை வாரிவிட்டவர்கள்தான் அதிகம். இத்தனைக்கும் நடுவில் இங்கிலாந்துக் கடலில் கிடக்கிற ஒரு தீவையும் இந்தக் கையால் கட்டியிருக்கிறேன். அதைத்தான் இப்போது என்னிடமிருந்து பறிக்கப் பார்க்கிறார்கள்.

பறிக்கிறவர்கள் கன்னிமார் கோயில் கமிட்டிக்காரர்கள். பழைய துரை பங்களாத் தோட்டத்தில் இருக்கிற கோயில்தான். வாசலில் தங்கப் பெயின்டில் போர்டு வைத்திருக்கிறார்கள்: பாறையும் ஏழு கன்னிமாரும் பூமியில் தானாக முளைத்த சுயம்பு என்று. முளைக்கவில்லை ஐயா. வெடி வைத்துப் பெயர்த்து, பனந்தடி மேல் உருட்டி, நான் கொண்டுவந்து வைத்தேன். எப்படி வைத்தேன் என்று எழுதுகிறேன், படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

பைக்காராவிலிருந்து கரண்டு வந்து, கோயமுத்தூரைச் சுற்றி மில்லுகள் கிளம்பிய காலம் அது. ஒரு மில்லில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள ஒரு வெள்ளைக்காரத் துரையை வரவழைத்திருந்தார்கள். அவருடைய பங்களாவுக்கு நான் கிணறு வெட்டிக்கொண்டிருந்தேன். ஆளுயரத்துக்குக் கீழே ஒரே பாறை. தமர் அடித்து, அதாவது பாறையில் துளை போட்டு, மருந்து வைத்து உடைத்தோம். மேலே வந்த கல் வேலியோரத்தில் குன்றாகக் குவிந்து கிடந்தது. ஒரு நாள் மாலை துரை அந்தக் குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தார். கையில் ஒரு போட்டோ. கூடவே அவருடைய பட்லர். இங்கிலீஷ் பேசுகிற திமிரில் எங்களை மண்ணாங்கட்டியாகப் பார்க்கிற ஆள்.

"ஏப்பா மேஸ்திரி, துரை கூப்படறாரு. கையக் கழுவீட்டு வா. போட்டோவுல அழுக்காக்கிப் போடாதே."

"பாறையத் தொட்ட கையிதானுங்க. பாறைப் படத்தத் தொட்டா ஒண்ணும் ஆயிறாது."

போட்டோவில் நாலாபக்கமும் கடல். நடுவில் ஒரு பாறைத் தீவு, குட்டையில் படுத்த எருமை முதுகை மட்டும் வெளியே காட்டுகிற மாதிரி. நடுவில் ஒரு வெடிப்பு, அதற்குள் கடல் போய்வருகிறது. ஒரு பக்கம் செங்குத்து. அதில் பறவைகள் உட்கார்ந்து உட்கார்ந்து எச்சம் வெள்ளையடித்த மாதிரி வழிந்திருந்தது. வால் பக்கம் ஆறு கற்கள் தண்ணீரிலிருந்து எழுந்து நிற்கின்றன. ஒரு மரம் இல்லை, ஒரு குடிசை இல்லை.

"இங்கெ ஆருங்க குடியிருக்கறாங்க?"

பட்லர் துரையைக் கேட்டுச் சொன்னான்: "ஆருமே இல்லையாமா. பறவையும் கடல்நாயுந்தானாமா. குடிக்க ஒரு சொட்டுத் தண்ணி கெடையாதாமா."

"அப்பறம் அத வெச்சுட்டு என்னுங்க பண்றாங்க?"

அதைப் பட்லர் துரைக்குச் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். துரை பிறந்த வீடு அந்தத் தீவுக்கு எதிர்க்கரையில். சின்ன வயதில் ஜன்னலைத் திறந்தால் அந்தப் பாறைதான். ஒரே ஒரு தடவை அப்பாவோடு படகில் போய் ஏறியிருக்கிறார். அதைத் தோட்டத்தில் பார்க்க வேண்டுமாம். ஒரு குளம் வெட்டி, இந்தக் கிணற்றுக் கல்லாலேயே தீவைக் கட்ட வேண்டுமாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மழை பொய்த்த வருஷம் அது. பக்கத்து ஊர்ப் பெண்கள் பங்களாக் குழாயில் ஒரு குடம் பிடிக்க வந்தால் இதே துரை நாயை அவிழ்த்துவிடுவார். வெள்ளாடு மேயக்கூடப் புல் இல்லாத ஒரு பாறைக்கு இந்த மனிதன் ஏங்குவதும், அதைச் சுற்றிப் பார்வைக்காகத் தண்ணீர் நிறுத்துவதும்! துப்பிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் பட்லர் வாய் சும்மா இருக்கவில்லை.

"கெணறு வெட்டறவனுக்கு இதெல்லாம் வராதுங்கன்னு நான் அப்பவே துரைகிட்டச் சொன்னேன்."

அந்த ஒரு பேச்சுக்காக ஒத்துக்கொண்டேன்.

கட்டிய விதத்தை எந்த இஞ்சினியர் வேண்டுமானாலும் வந்து பார்க்கட்டும். பெரிய கற்களை மாடு கட்டி இழுத்தோம். சந்து தெரியாமல் சில்லுக்கல்லும் சுண்ணாம்பும் வைத்து இறுக்கினேன். கிணற்று மோட்டார் ஓடும்போது வெடிப்புக்குள் தண்ணீர் ஏறி இறங்கும்படி செய்தேன். துரை மில்லிலிருந்து வந்ததும் போட்டோவைத் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். "நோ" என்பார். பிரிப்போம். மறுபடி வைப்போம். எச்சம் எங்கே என்று கேட்டார். சுண்ணாம்பைக் கரைத்துத் தெளித்துவிட்டேன். பறவை எச்சத்துக்கு வெள்ளையடித்த மேஸ்திரி இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான்.

கடைசியில் அந்த ஆறு கற்கள். ஆறாவது நின்றதும் என் ஆட்கள் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டார்கள்.

"ஏனுங்க மேஸ்திரி, தண்ணியோரத்துல ஆறு கல்லோட உட்டுப்போட்டா எப்படீங்க? ஏழாவது கன்னி எங்கீங்க போவா?"

எங்கள் சீமையில் குளத்தங்கரையில் வரிசையாகக் கல் நின்றால் அது கன்னிமார். கன்னிமார் என்றால் ஏழு பேர். ஆறோடு விட்டால் ஒருத்தியை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியதாக அர்த்தம். அவள் கோபம் தள்ளினவன் குடும்பத்தின் மேல்தான் இறங்கும். எனக்கும் கைக்குழந்தை இருந்தது. யோசிக்கவே இல்லை. துரை மில்லில் இருந்த நேரமாகப் பார்த்து, நல்ல கல்லாக ஒன்றைத் தேர்ந்து, அந்த ஆறுக்கும் சற்றுப் பின்னால், முக்கால் பாகம் பூமிக்குள் போகும்படி இறக்கி நிறுத்தினேன். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினோம்.

சாயங்காலம் துரை வந்தார். மஞ்சளைப் பார்த்தார். விரலை நீட்டி எண்ணினார். பிறகு கத்தினார் பாருங்கள், மரத்தில் இருந்த காக்காய் எல்லாம் பறந்துவிட்டது.

பட்லர் ஓடிவந்தான். "ஆள் இல்லாத தீவுல ஆரு பூச பண்ணுனதுங்கறாரு. ஆறுதான் இருக்கோணுமாமா. ஏழாவதப் பேத்து எறி."

"துரையோட ஊட்டு ஜன்னல் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு கேளுங்க."

"கரைப் பக்கந்தான். வேற எங்கெ இருக்கும்?"

"போட்டோப் புடிச்சது?"

"அதும் கரையில இருந்துதான்."

"அப்பறம் அந்த ஆறு கல்லுக்குப் பொறவால என்ன மறைஞ்சு நிக்குதுன்னு அவருக்கு எப்படீங்க தெரியும்?"

அந்தப் பட்லர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். துரைக்குச் சொன்னான். துரையின் முகம் சூளைச் செங்கல் மாதிரி ஆனது.

"நீ போயிப் பாத்தியான்னு கேக்கறாரு."

"நான் போகலீங்க. அவரு படகுல போனாரே, சுத்தி வந்து எண்ணுனாருங்களா?"

துரை போட்டோவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கோட்டைக் கழற்றிப் பட்லர் மேல் எறிந்துவிட்டு, கடப்பாரையை எடுத்து அவரே ஏழாவது கல்லுக்கு அடியில் கொடுத்து நெம்பினார். நான் இறக்கிய கல் நெம்பினால் வருமா? கை சிராய்த்ததுதான் மிச்சம். கடப்பாரையைக் குளத்தில் வீசிவிட்டு உள்ளே போனார். இனி காம்பவுண்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லி அனுப்பினார்.

நான் கால் வைக்கவில்லை. ஊர்ப் பெண்கள் வைத்தார்கள். ஏழு கல் நிற்கிறது என்ற சேதி போதாதா? வேலியில் சந்து பண்ணிக்கொண்டு வந்து மஞ்சள் பூசிவிட்டுப் போவார்கள். மறுநாள் துரை உத்தரவில் பட்லர் சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்ப்பான். வேலிக்கு வெளியே நின்று கேலி பண்ணுவார்கள்.

"ஏனுங்க பட்லரே, சோப்பு வாசம் நல்லாருக்குதுங்க. நாளைக்கும் ஊத்துங்க, ஆத்தா குளுந்துபோவா!"

சண்டை வரப்போகிறது என்று பேச்சு அடிபட்ட சமயத்தில் துரை சீமைக்கே போய்விட்டார். போட்டோவும் அவரோடு போய்விட்டது. பங்களாவைப் பிரித்து விற்றார்கள். குளம் வற்றியது. கன்னிமார் மட்டும் அங்கேயே இருந்து, கோயில் ஆகிவிட்டது. கல் உருட்டிய என் ஆட்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்தத் தைரியத்தில்தான் இந்தப் போர்டு.

போன வாரம் கமிட்டித் தலைவரைப் பார்த்துக் கேட்டேன். நான் கல் வைத்தபோது அவர் பிறக்கவே இல்லை.

"ஏனுங்க பெரியப்பா, சாமியப் போயி நான் வெச்சேன்னு சொன்னா நாக்கு அழுகிப் போகாதுங்களா?"

"அழுகுனா என்ற நாக்குத்தான அழுகுது? ஏழாவது கல்லுக்குப் பொறவால போயிப் பாரு, நான் அடிச்ச தமர் ஓட்டை இருக்குது."

"அதுங்களா? அது ஆத்தா மூச்சு உடற ஓட்டைங்க. நோம்பிக்கு அதுக்குத் தனியா வெளக்கு வெக்கறமுங்க."

"என்ற சம்மட்டி பண்ணுன ஓட்டை கண்ணு அது!"

"சரீங்க பெரியப்பா, வெயில் ஏறுது. காப்பித்தண்ணி குடிச்சுப்போட்டுப் போங்க."

பக்கத்தில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். காப்பியைத் தொடாமல் வந்துவிட்டேன்.

ஆத்தாளை நான் மறுக்கவில்லை. அவள் வந்து உட்கார்ந்தாள், உண்மை. உட்கார இடம் போட்டவன் யார்? துரை பேச்சைக் கேட்டு ஆறோடு நிறுத்தியிருந்தால் இவர்களுக்குக் கோயில் ஏது, கமிட்டி ஏது, இவருக்குத் தலைவர் பதவி ஏது?

ஆகவே கமிட்டிக்காரர்களுக்குச் சொல்கிறேன். வரப்போகிற கும்பாபிஷேகத்துக்கு முன்னால் அந்தப் போர்டு இறங்க வேண்டும். சுயம்பு என்ற பேச்சு போக வேண்டும். இந்தப் பாறையைக் கட்டி ஏழு கல்லையும் நிறுத்தியவன் இன்னான் என்று என் பேரைப் போட வேண்டும். பெயின்டில் வேண்டாம், கருங்கல்லில் வெட்டி வையுங்கள். துரைக்கும் பங்கு உண்டு என்று யாராவது சொன்னால், கல் ஆறுதான் என்று கத்தியவர் என்று அவரைக் கீழே போட்டுக்கொள்ளுங்கள். மேலே என் பேர்தான் இருக்க வேண்டும்.