டிம் அடிக்கும் கண்

தேவஇரக்கம் ஊரில் பாதிக் கார்களுக்கு வெளிச்சம் கொடுத்தவர். அவருடைய சைக்கிளுக்கு மட்டும் விளக்கு கிடையாது. கேட்டால், "எனக்கு ரோடு தெரியும், ரோட்டுக்கும் என்னையத் தெரியும்" என்பார்.

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவருடைய ஆட்டோ எலெக்ட்ரிக் கடை. 1988இல் அங்கே ஒரு கண் செய்தார். பவுடர் டப்பா மூடிக்குள் வெளிச்சத்தை உணரும் ஒரு வில்லை. அதைக் காரின் முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டிவிடுவார். எதிரே வெளிச்சம் வந்தால் பானெட்டுக்குள் ரிலே 'டக்' என்று விழுந்து ஹெட்லைட் தானே டிம் ஆகும். எதிர் வெளிச்சம் போனதும் இன்னொரு 'டக்', பழையபடி பிரைட். காலால் டிம்மர் சுவிட்சை மிதிக்கிற வேலை இல்லை.

"இது ஓடலைன்னா கடையப் பூட்டிட்டு மில்லுக்கே மோட்டார் காயில் சுத்தப் போயிருதேன்" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ஊர் அதை மறந்துவிட்டது. மில் வேலையை விட்டதே பிடிக்காத அவர் மனைவி அமிர்தவல்லி மறக்கவில்லை.

பேண்டேஜ் துணி பாக்டரி முதலாளி வைகுண்டராஜ் தன் அம்பாசிடரைச் சோதனைக்குக் கொடுத்தார். சரியாக வேலை செய்தால் பாக்டரி வேன்களுக்கெல்லாம் போடுவதாகப் பேச்சு. வெள்ளிக்கிழமை பொழுது சாய இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினார்கள். எதிரே வத்திராயிருப்பு பஸ் வந்தது, டக். ஊர் எல்லையில் ஆண்டாள் கோயில் கோபுரத்தின் சீரியல் விளக்குக்கும் டக்.

"ஏலே, இது ஆண்டாளுக்கும் இறங்குதே!" என்று வைகுண்டராஜ் பூரித்துப்போனார்.

"நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல மொதலாளி" என்றார், சர்ச்சில் ஒரு வாரமும் தவறாத தேவஇரக்கம்.

திரும்பும்போதுதான் வினை. ஒரு விளக்கு மஞ்சளும் ஒரு விளக்கு வெள்ளையுமாக எதிரே ஒரு கார் வந்தது. சோலைராஜின் கார். சோலைராஜ் பருத்தி ஜின்னிங் பாக்டரிக்காரர். வைகுண்டராஜின் மனைவிக்குத் தம்பி. ஒரு கல்யாணப் பந்தியில் யாரை முதலில் உட்கார வைப்பது என்ற தகராறில் இருவருக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. பேச்சு நின்ற பிறகு சண்டை ஹெட்லைட்டுக்கு மாறியது. எதிரெதிரே வந்தால் இருவரும் பிரைட்டைக் குறைப்பதில்லை. கண் கூசி, ரோடு தெரியாமல், குத்துமதிப்பாகக் கடந்து போவதுதான் மரியாதை.

டக். வைகுண்டராஜின் கார் விளக்கு இறங்கிவிட்டது.

"ஏலே! எவன் முன்னாடிலே என் தலையக் குனிய வச்சிருக்க?"

"கண்ணுக்கு மச்சான், மாப்ள எல்லாம் தெரியாது மொதலாளி."

"ஆளு தெரியாத கண்ணு எனக்கெதுக்கு? நாளைக்கே கழட்டு."

"நாளைக்கு வண்டி மதுரைக்குப் போகுதுன்னிய. ஞாயித்துக்கிழமை நான் ஸ்குரூ டிரைவரத் தொட மாட்டேன். திங்கக்கிழமை வாங்க."

வேன்களைப் பற்றி வைகுண்டராஜ் வாயே திறக்கவில்லை. வீட்டில் அமிர்தவல்லி திறந்தாள். "மில்லுல ஆள் எடுக்காகளாம்."

சனிக்கிழமை காலை சோலைராஜே கடைக்கு வந்து நின்றார். தோற்றவருக்கு மட்டும்தான் தூக்கம் போயிருக்கும் என்று நினைத்திருந்த தேவஇரக்கத்துக்கு ஆச்சரியம்.

"அவரு டிம் அடிச்சுப் பெரிய மனுசனாயிட்டாரு. அப்ப நான் காட்டானா? எனக்கும் ஒண்ணு மாட்டு."

இரண்டாவது கண் தயாராகவே இருந்தது. தன் மேல் சந்தேகமில்லாதவர் எதையும் ஒற்றையாகச் செய்வதில்லை.

ஞாயிறு அந்தியில் தேவஇரக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் வெள்ளத்தாயின் டீக்கடையில் இருந்தார். இந்தப் பக்கமிருந்து வைகுண்டராஜ், அந்தப் பக்கமிருந்து சோலைராஜ். இரண்டும் ஒன்றாக டிம் ஆயின. எதிர் வெளிச்சம் குறைந்ததும் இரண்டும் ஒன்றாக ஏறின. ஏறியதைப் பார்த்து மறுபடி இறங்கின. டக் டக் டக் டக்.

"ஆத்தாடி, மச்சானும் மாப்ளையும் கண்ணடிச்சுக்கிடுதாவ!" என்றாள் வெள்ளத்தாய். கடையே சிரித்தது.

ஓட்ட முடியாமல் இரண்டு கார்களும் நின்றன. சோலைராஜ் இறங்கினார்.

"என்ன மச்சான், நடு ரோட்டுல கண்ணடிக்கிய?"

"நீருதாம்யா அடிக்கீரு மாப்ள!" வாயிலிருந்து வந்துவிட்ட பிறகுதான் வைகுண்டராஜுக்குத் தாம் பேசிவிட்டது தெரிந்தது. சிரிப்பை மறைக்க யாரையாவது திட்டியாக வேண்டும். "எங்கலே அந்தத் தேவஇரக்கம்?"

"இங்கனதான் இருக்கேன் மொதலாளி. கண்ணு ரெண்டும் நல்லாத்தான் பாக்கு. எறங்குன பொறவு செத்த நேரம் பொறுக்கத்தான் தெரியல. ஒரு கண்டன்சரப் போட்டாப் பொறுத்துக்கிடும்."

"இப்பமே போடுலே."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை."

திங்கள் காலை கடை வாசலில் இரண்டு கார்கள். பின்னால் வைகுண்டராஜின் பாக்டரி வேன்கள் வரிசையாக நின்றன.

"முதல்ல மச்சானுக்குப் போடு" என்றார் சோலைராஜ்.

"சே, மாப்ளைக்குப் போடு. நான் என்ன காட்டானா?"

அரை மணி நேரம் ஆகியும் இருவரும் விட்டுக்கொடுப்பதை விட்டுக்கொடுக்கவில்லை. தேவஇரக்கம் ஈயம் பற்றவைக்கும் கோலை எடுத்துக்கொண்டு இருவரையும் தாண்டிப் போய், முதல் வேனின் பானெட்டைத் தூக்கினார்.