ஓடியது மகள், சாப்பிட்டது நான்

போன புதன்கிழமை என் மகள் ஒரு ரொட்டி சானாயை முழுதாகச் சாப்பிட்டாள். பருப்புக் குழம்பில் தோய்த்து, கடைசித் துண்டு வரை. எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். சொல்கிறேன்...

தர்ஷினிக்கு இருபத்திரண்டு வயது. தீயணைப்புத் துறையில் சேர வேண்டும் என்பது பள்ளி நாளிலிருந்தே ஆசை. விண்ணப்பித்தாள், உடல் தகுதிச் சோதனைக்கு அழைப்பு வந்தது. ஓட்டம் உண்டு, எடைக்கும் அளவு உண்டு. இரண்டு மாதத்தில் மூன்று கிலோ குறைத்தாக வேண்டும்.

தினமும் காலையில் எங்கள் ஊர் ஆயர் ஈத்தாம் திடலில் ஓட்டம். துணைக்கு நான். துணை என்றால்... திடலுக்கு எதிரே இருக்கும் கடையில் உட்கார்ந்திருப்பேன்.

அவள் கையில் இருந்த கடிகாரம் நான் வாங்கிக் கொடுத்தது. என் போனோடுதான் இணைத்திருந்தேன். அவள் ஓட ஓட, எரிந்த கலோரி என் போனில் ஏறும். முந்நூறைத் தாண்டியதும் எனக்கு ஒரு நிம்மதி.

"அண்ணே, இன்னொரு ரொட்டி போடுங்க."

ஏதோ நானே ஓடி வந்த மாதிரி!

ஒரு நாள் அந்த எண் ஏறாமல் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். மூன்றாவது சுற்றின் வளைவில், தர்ஷினி புல்லில் கிடந்தாள்.

சாலையை எப்படிக் கடந்தேன் என்று இன்றுவரை தெரியாது. கண்ணைத் திறந்தவள் கேட்ட முதல் கேள்வி — "டைம் எவ்ளோப்பா?"

கிளினிக்கில் டாக்டரம்மா அவளிடம் கேட்டார். "காலையில என்னம்மா சாப்பிட்ட?"

"தண்ணி, டாக்டர்."

"நேத்து ராத்திரி?"

"ஒரு ஆப்பிள்."

அவர் பார்வை என் வயிற்றுக்கு வந்தது. "நீங்க சார்?"

"ரெண்டு ரொட்டி. நுரை பொங்க ஒரு தே தாரேக் டீ."

"ஓடுனது யாரு?"

"அவதான்."

"வீட்டுக் கணக்கு சரியாத்தான் இருக்கு லா. ஆளுதான் மாறிப்போச்சு."

ஓடும் முன் வாழைப்பழம், ஓடிய பின் முட்டை, மதியம் சோறு அளவாக, காய் நிறைய. எடை மெதுவாக இறங்கட்டும் என்றார். என்னையும் திடலில் இறங்கச் சொன்னார்.

நாம் எதையும் பாதியாகச் செய்வோமா? டயட் என்றால் பட்டினி. நடை என்றால் கடை வரைக்கும். இரண்டையும் ஒரே உடம்பில், கொஞ்சம் கொஞ்சமாக... அதுதான் நமக்கு வருவதில்லை.

கடிகாரத்தை அவள் போனுக்கே மாற்றினேன். நானும் நடந்தேன். "மூச்சு விட மறந்துடாதீங்கப்பா" என்றபடி ஒவ்வொரு சுற்றிலும் என்னைத் தாண்டிப் போவாள். ஆனாலும், அந்த வளைவில் அவள் திரும்பும்போதெல்லாம் என் நெஞ்சு ஒரு முறை நிற்கும்.

போன புதன்கிழமை காலையில்தான் சோதனை. வேலிக்கு வெளியே இரண்டு வாழைப்பழங்களோடு நின்றேன். முகம் சிவக்க, சிரித்துக்கொண்டே வந்தாள்.

"ஓட்டம் பாஸ்பா. எடையும் பாஸ். பழத்தக் குடுங்க."

கொடுத்தேன்.

"ரெண்டு கொண்டாந்தீங்களே, இன்னொன்னு எங்க?"

"நீ ஓடுனியா... எனக்குப் பசிச்சிருச்சு."