இறக்கை மேல் நின்ற தூறல்

காரின் பானெட் மேல் மழைத்துளிகள் கடுகு கடுகாக நின்றுகொண்டிருந்தன. முந்தின நாள்தான் மெழுகு பூசித் துடைத்திருந்தேன். போன ஜூலையில், புனே பக்கம் நிக்டியில் என் வீட்டு வாசலில், குடையை மடக்கிக்கொண்டே வந்த தங்கை அவற்றின்மேல் ஒரு விரலை ஓட்டினாள். "அரே, அன்னைக்கு இறக்கை மேல இப்படியேதான் இருந்துச்சுண்ணா" என்றாள். நான் குனிந்து அந்தத் துளிகளைப் பார்த்தேன்.

அதே புனேயின் கட்கியில், தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவர்கள் நாங்கள். கல்லூரி நாட்களிலேயே அவள் ஞாயிறுதோறும் கிளைடர் ஓட்டினாள். எஞ்சின் இல்லாத விமானம் அது. நீண்டு ஒடுங்கிய இறக்கைகளை நம்பியே மிதக்கும். விமானி ஆவதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருந்ததில்லை. விமானி உரிமத்துக்கான தேர்வாளர் வரும் நாளில் அவளுடைய கிளைடர் மின்ன வேண்டும் என்று, யாரையும் கேட்காமல், மோட்டார் சைக்கிளுக்குப் பூசும் மெழுகை எடுத்துப்போய் இறக்கை முழுவதும் தேய்த்தேன். அவள் இறங்க வரும்போது கோடைத் தூறல் பிடித்துக்கொண்டது. மைதானத்தை எட்டாமல் வேலிக்கு வெளியே விழுந்தாள். கணுக்கால் முறிந்தது.

"நான் வேகத்தைக் குறைக்கலண்ணா. இறக்கைதான் திடீர்னு கைவிட்ருச்சு" என்று படுக்கையில் அழுதாள். நான் அப்பாவிடம், "வேகத்தைக் குறைச்சிட்டாப்பா, அதான்" என்றேன். "இன்ஜினியருக்குப் படிக்கிறவனே சொல்றான். பறந்தது போதும்மா" என்றார் அப்பா. அதன்பின் அவள் பறக்கவேயில்லை.

இறக்கையின் மேல்வளைவு வழுவழுப்பாக இருந்தால்தான் காற்று அதை ஒட்டி ஓடும். மெழுகின்மேல் தண்ணீர் பரவாமல் துளித்துளியாக நிற்கும். அந்த மேடுகளில் இடறிக் காற்று விலகிவிட, இறக்கை தூக்கும் பலத்தை இழக்கும். இதையெல்லாம் பிற்பாடு புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஆனால் அவள் விரல் பானெட்டில் ஓடும்வரை அந்த மெழுகு டப்பாவோடு ஒருமுறைகூடச் சேர்த்துப் பார்த்ததில்லை.

வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். "மோட்டார் சைக்கிள் மெழுகா?" என்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். நரைத்த தலையைச் சாய்த்து, சின்னப் பெண்போலக் கேட்டாள்:

"அப்போ நான் சரியாத்தான் இறக்கினேனாண்ணா?"

இத்தனை வருடமும் அவள் என் பேச்சை நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். "சரியாத்தான்மா இறக்கினே" என்றேன். பானெட்டின் துளிகள் ஓடாமல் அப்படியே நின்றன.