தேதியை மட்டும் தொடமாட்டாள்

என் மனைவியின் தங்கை ஒரு போட்டோ ஸ்டுடியோவில் பதினோரு வருஷமாக கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஊரார் முகத்தைத் திருத்துகிறாள். பரு, தழும்பு, கருவளையம், இரட்டைத் தாடை எதுவும் அவளிடமிருந்து தப்பாது. தேதியை மட்டும் தொடமாட்டாள். அதனால் நான் அவளுக்கு வைத்த பெயர் கேலண்டர். எனக்குக் கல்யாணமான புதிதில் விளையாட்டாக வைத்தது. இப்போது அவளுடைய முதலாளிகூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டரில் ஒரு பழைய படத்தைத் திறந்து, கொஞ்சம் வெளிச்சம் கூட்டி, சேமித்துப் பாருங்கள். அந்த ஃபைலின் தேதி இன்றைய தேதியாகிவிடும். மூன்று வருஷத்துக்கு முந்தைய படம் இன்றைக்கு எடுத்தது மாதிரி பட்டியலின் உச்சியில் போய் உட்கார்ந்துகொள்ளும். நமக்கெல்லாம் இது ஒரு பொருட்டே இல்லை. கேலண்டருக்கோ மானப் பிரச்சினை. படத்தில் கை வைக்கும் முன்னால் ஒரு நோட்டில் ஃபைல் எண், எடுத்த தேதி, நேரம் எல்லாம் எழுதுவாள். என்ன திருத்தினாள் என்பதையும் பக்கத்திலேயே குறிப்பாள். வேலை முடிந்ததும் ஒரு சின்ன புரோகிராமைத் திறந்து பழைய தேதியை நிமிஷம் பிசகாமல் திரும்பப் போடுவாள். பழைய தேதியை அப்படியே வைக்க ஒரு டிக் போட்டால் போதும் என்கிற மாதிரி புது சாஃப்ட்வேர் வந்த பிறகும் நோட்டை விடவில்லை. அசல் படத்தை மட்டும் வைத்துக்கொள்ளமாட்டாள். ஒரே படம் இரண்டு இருந்தால் என்றாவது தப்பானது பிரிண்டுக்குப் போய்விடும் என்று, திருத்தியதை அதன் மேலேயே சேமித்துவிடுவாள்.

"முகத்தையே மாத்திட்டு தேதியை மட்டும் பொத்திப் பொத்தி வைக்கிறியே, இது என்ன நேர்மை?" என்று ஒருநாள் வம்புக்கு இழுத்தேன்.

"முகத்தை அவங்க கேக்கறாங்க, மாத்தறேன். தேதியை மாத்தச் சொல்லி யாரும் கேக்கல மாமா."

வேலை வெட்டி இல்லாதவள் என்று சிரித்தேன். வாய் கொஞ்சம் நீளம் எனக்கு.

என் மகளுக்கு, வீட்டில் அவள் வாண்டு, இரண்டு வயது எட்டு மாதம் இருக்கும்போது இடது கண் மூக்குப் பக்கம் ஒதுங்க ஆரம்பித்தது. ஆரம்பித்தது என்று நான் சொல்கிறேன். முதலிலிருந்தே அப்படித்தான் என்றாள் மனைவி. கண் டாக்டரின் அறையிலேயே எங்களுக்குள் சண்டை வந்துவிட்டது. அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"சோதனையில கண்ணுல பவர் இருக்குன்னு தெரியுது. ஆனா எப்ப வந்ததுங்கறது முக்கியம். பிறந்து ஆறு மாசத்துக்குள்ள வந்திருந்தா பெரும்பாலும் ஆபரேஷன்தான். ரெண்டு வயசு வாக்குல வந்ததுன்னா கண்ணாடியிலயே சரியாக நிறைய வாய்ப்பிருக்கு. பழைய போட்டோ இருக்கும்ல? தேதி வாரியா கொண்டு வாங்க."

போட்டோதானே, அறுநூறு இருக்கிறது என்று தெம்பாக வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். அறுநூறு படமும் ஒரே ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்ததாகக் காட்டியது.

அந்த ஞாயிறு எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஒரே சொடுக்கில் எல்லாப் படத்தையும் பளிச்சென்று ஆக்கும் ஓசி புரோகிராம் ஒன்று கிடைத்தது. மொத்தத்தையும் அதில் போட்டு எடுத்தேன். இடம் அடைக்கிறதே என்று அசலை அழித்தும்விட்டேன். அது படத்துக்கு உள்ளே பதிந்திருந்த தேதியையும் சேர்த்துத் துடைத்திருக்கிறது. மொட்டைத் தலை, பல் இல்லாத சிரிப்பு என்று கைக்குழந்தைப் படங்களைக் கண்டுபிடிக்க முடிந்தது. ஒன்றரை வயதா, இரண்டே காலா என்று கேட்டால் பெற்றவனுக்கே தெரியவில்லை. வெட்கத்தை விட்டு கேலண்டருக்கு போன் போட்டேன்.

ஆல்பம் செய்வதற்காக மனைவி மாதாமாதம் பத்துப் படங்களை, என் கை படும் முன்பே, தங்கைக்கு அனுப்பி வந்திருக்கிறாள். மறுநாள் மதியம் நாங்கள் இருவரும் ஸ்டுடியோவுக்குப் போனோம். பிரிண்டர் சூட்டில் வெந்துகொண்டிருந்த அந்தச் சின்ன அறையில் கேலண்டர் படங்களை வரிசையாகத் திறந்தாள். பிறந்த நாளிலிருந்து போன மாதம் வரை, ஒரு தேதியும் பிசகவில்லை. எல்லாப் படத்திலும் கண் நேராக இருந்தது.

"பாத்தியா, நான் சொன்னேன்ல? இப்பதான் வந்திருக்கு" என்றேன் மனைவியிடம்.

கேலண்டர் முகத்தில் ஈயாடவில்லை. "இதை டாக்டர்கிட்ட காட்டாதீங்க மாமா" என்றாள்.

"ஏன்?"

"சிலதுல கண்ணை நான் நேராக்கியிருக்கேன்."

எனக்கு வந்த கோபத்தில் வாய்க்கு வந்தபடி கத்தினேன். தேதியைக் காப்பாற்றி என்ன பிரயோஜனம், முகம் பொய்யாக இருக்கும்போது என்று கேட்டேன். குழந்தையைவிட ஆல்பம் முக்கியமா என்றும் கேட்டேன். அதைக் கேட்டிருக்கக் கூடாது. அவள் அலமாரியிலிருந்து நான்கு நோட்டுகளை எடுத்துவந்து மேசையில் வைத்தாள்.

மூன்று பேரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினோம். வாண்டு, மூன்றாம் மாதம், எச்சில் துடைத்தது. பத்தாம் மாதம், நெற்றி வீக்கம் மறைத்தது. ஒன்றரை வயது, பின்னால் கொடியில் துணி, எடுத்தது. முகத்தில் வெளிச்சம், வெளிச்சம், வெளிச்சம். இப்படிப் பக்கம் பக்கமாகப் போயிற்று. நான்காவது நோட்டில் மனைவியின் விரல் ஒரு வரியில் நின்றது. அக்டோபர் 14, மாலை 5.20. இடது கண், லேசாக நேராக்கியது.

வாண்டுக்கு அன்று இரண்டு வயது மூன்று மாதம். அதற்கு முன்னால் ஒரு படத்தில்கூடக் கண்ணில் கை வைத்ததாக நோட்டில் இல்லை. அதற்குப் பிறகு பதினோரு படங்கள்.

"அப்ப முதல்ல பாத்தது நான்தான்" என்றாள் கேலண்டர். "பதினோரு தடவை பாத்திருக்கேன் அக்கா. பாத்துட்டு அழிச்சிருக்கேன். ஏதோ படம் எடுத்த கோணம்னு நெனச்சேன்." அழுதாள். என் மனைவி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். தினமும் குழந்தைக்குச் சோறு ஊட்டியவன் நான். எனக்கு ஒரு தடவைகூடத் தெரியவில்லை. என் கோபம் போன இடம் தெரியவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

மூன்று பேருமாகப் போய்ப் படங்களோடு நோட்டையும் டாக்டர் மேசையில் வைத்தோம். அவர் அக்டோபருக்கு முந்தைய படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். இரண்டு கருவிழியிலும் வெளிச்சப் புள்ளி ஒரே இடத்தில் விழுந்திருப்பதைக் காட்டினார். நோட்டை அதைவிட அதிக நேரம் பார்த்தார்.

"இது யார் எழுதினது?"

"நான்தான்" என்றாள் கேலண்டர், ஏதோ குற்றம் செய்து பிடிபட்டவள் மாதிரி.

"ரெண்டே கால் வயசு. அதுவரைக்கும் கண்ணு நல்லா இருந்திருக்கு. கண்ணாடி போட்டுப் பாக்கலாம்மா. ஆபரேஷன் பேச்சு இப்ப வேண்டாம்."

கண்ணாடியை வாண்டு முதல் வாரத்தில் மூன்று தடவை பிடுங்கி எறிந்தாள். ஒரு தடவை சோப்பு நுரையில் முக்கினாள். பிறகு அது இல்லாமல் பொம்மை சரியாகத் தெரியவில்லை என்று அவளே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். இரண்டு மாதம் கழித்து அவளை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து ஒரு படம் எடுத்து, எந்த புரோகிராமிலும் போடாமல் அப்படியே ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனேன்.

கேலண்டர் படத்தைத் திறந்தாள். பழக்கதோஷத்தில் நேராக இடது கண்ணுக்குப் போய்ப் பெரிதாக்கினாள். வலது கண்ணும் தெரியும்படி நகர்த்தினாள். திரை முழுக்கக் கண்ணாடியும் அதற்குப் பின்னால் இரண்டு கருவிழிகளும் நேராக நின்றன. பிறகு மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மாமா, இந்தக் கண்ணுல எனக்கு வேலை இல்லை" என்றாள்.