கொசு வளர்த்த சுடலைமாடத்தி

கொசுவைக் கண்டால் அடிக்காத மனுஷர் உண்டா? சுடலைமாடத்தி பதினோரு வருஷம் கொசுவுக்குத் தீனி போட்டாள். நகரத்து ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் டெங்குக் கொசுக்களை வலைக்கூண்டில் வளர்த்தார்கள். சீனித் தண்ணீரில் பஞ்சை நனைத்து வைப்பது, தட்டில் நெளியும் புழுக்களுக்கு மீன் தீவனத்தைப் பொடித்துத் தூவுவது எல்லாம் அவள் பாடு. ஓணம், தீபாவளி என்று லீவு போட முடியாது. வேலையோ ஒப்பந்தம். திட்டம் முடிந்தால் சம்பளம் நின்றுபோகும். அடுத்த ஒதுக்கீடு வரும்வரை சும்மாவே வந்துபோவாள். விட்டுவிட்டால் கூண்டோடு செத்துப்போகுமே.

இந்த வருஷமும் டிவியில் பட்ஜெட் வாசித்தார்கள். ஆராய்ச்சிக்கு அள்ளிக் கொடுத்திருப்பதாகப் பேச்சு.

"உன் கொசுவுக்கு எவ்வளவு ஒதுக்கிருக்கான்னு கேளு," என்று புருஷன் லிங்கம் சீண்டினான்.

கொசுவுக்கு ஒன்றுமில்லை. புதுப்புது கம்ப்யூட்டர் வித்தைக்குத்தான் முதலிடமாம். மார்ச் கடைசியில் கொசுவை எண்ணுகிற கேமரா மெஷின் ஒன்று வந்து இறங்கியது. மெஷினுக்கென்று வந்த பணத்தை ஆள்கூலிக்குத் திருப்ப முடியாது என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அவள் சம்பளம் பார்த்து மாசக்கணக்காகியிருந்தது.

லிங்கம் ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாய் மண்டியில் லோடு ஏற்றுகிறவன். காம்பு கிள்ளி எடை போட ஆள் வேண்டும் என்று முதலாளி ராஜமணி கேட்டிருந்தார். இன்றைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

காலையில் ஸ்ரீலட்சுமி மேடத்திடம் விஷயத்தைச் சொன்னாள். வலியசாலைத் தெருக்கார மேடம்தான் அங்கே விஞ்ஞானி. டெல்லிக்கு எழுதி எழுதி ஓய்ந்துபோனவள். ஒரு மாசம் பொறுத்துக்கொள் என்று எப்போதும் கேட்கிறவள் இந்தத் தடவை கேட்கவில்லை. முட்டைகளைத் தாளோடு காயவைத்து எடுத்துவைப்போம் என்றாள்.

"ஆறு மாசம் கெடக்கும் மாடத்தி. ஃபண்டு வந்தா ஒரு தட்டு வெள்ளத்துல போட்டாப் போதும், பொரிஞ்சுடும். அப்போ நீயும் வரணும், கேட்டியா."

"முட்ட கெடக்கும் மேடம். நான் அதுவர எங்க போயிக் கெடக்கதுக்கு?"

மேடம் உறை பிரிக்காத மெஷினைப் பார்த்தபடி நின்றாள்.

இரண்டு பேருமாக முட்டைத் தாள்களை டப்பாவில் அடுக்கினார்கள். பறக்கிற கொசுக்களைக் குளிரில் சாகக் கூண்டு கூண்டாக ஃப்ரீசரில் வைத்தார்கள். காலையில்தான் மாடத்தி அவற்றுக்குப் புதுப் பஞ்சு வைத்திருந்தாள்.

வெளியே வந்து ராஜமணிக்குப் போன் போட்டாள். "திங்கக்கிழம வாறேன் அண்ணாச்சி."

மிளகாய் நெடி தாங்குமா என்று கேட்டார். தாங்கும் என்றாள்.