தீவுக்காரர் குடித்த ஒரு கிளாஸ்

வளவனூரில் இறங்கி மண்ணாங்கட்டி வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. தீவுக்காரர் வீடு என்று கேட்டால் வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். அந்த மனுஷன் கடலைப் பார்த்ததே ஏதோ மாசிமகத்துக்குப் போனபோதுதான். தோணியில் கால் வைத்ததில்லை. ஆனாலும் ஊர் அவருக்கு அந்தப் பெயரைச் சூட்டிவிட்டது. காரணம், அவருடைய மாட்டு வண்டி போய் வந்த இடம்.

நான் சொல்வது ஐம்பத்தெட்டாம் வருஷத்துக் கதை. மதராஸ் ராஜ்யம் முழுக்க மதுவிலக்கு. பிரெஞ்சுக்காரன் போய்விட்டாலும் புதுச்சேரி எல்லைக்குள் கடைகள் எப்போதும்போல் திறந்திருந்தன. அந்தப் புதுச்சேரியாவது ஒரே நிலமாக இருந்து தொலைத்ததா என்றால் அதுவும் இல்லை. அங்கே ஒரு துண்டு, இங்கே ஒரு துண்டு. வளவனூரிலிருந்து வண்டியில் போகும் தூரத்தில், கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே அப்படி ஒரு துண்டு கிடந்தது. நாலு பக்கமும் தென்னார்க்காடு ஜில்லா, நடுவில் கொஞ்சம் வீடுகள், ஒரு மாதா கோயில், ஒரு ஒயின் கடை. அதைத்தான் எல்லாரும் தீவு என்றார்கள்.

நான் அப்போது விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை லீவு. காலைப் பாசஞ்சரில் வளவனூரில் இறங்கினால் ஸ்டேஷனுக்கு வெளியே மண்ணாங்கட்டி கூண்டு வண்டியோடு நிற்பார். நிற்பார் என்பது பேச்சுக்கு. அவர் ஒரு இடத்தில் நின்று நான் பார்த்ததில்லை. மாட்டின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டுவார். சக்கரத்தைச் சுற்றி வருவார். தோளில் கிடக்கும் துண்டை உதறி அதே தோளில் போட்டுக்கொள்வார். கொஞ்சம் உட்காருங்களேன் என்றால், வண்டியில் உட்கார்ந்துகொண்டுதானே போகப் போகிறோம் என்பார். பார்க்கிற நமக்கே கால் பரபரக்கும்.

அரை நாள் உல்லாசம் அது. தீவில் அந்தோணிசாமி காலைப் பூசை முடிந்து வந்துதான் கடை திறப்பார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரைக்கும் போய் வந்தவர். பெஞ்சில் எங்களை வரிசையாக உட்காரவைத்து, சின்னச் சின்னக் கிளாஸில் முதலில் வெள்ளை ஒயின், பிறகு சிவப்பு, கடைசியில் இனிப்பான ஒன்று என்று ஊற்றுவார். முதலில் முகர வேண்டும், பிறகு வாயில் வைத்திருக்க வேண்டும், அப்புறம்தான் விழுங்க வேண்டும் என்று பாடம் நடத்துவார். எங்களுக்கு ஏது அவ்வளவு பொறுமை? கிளாஸ் கைக்கு வருமுன்னே தொண்டைக்குள் போயிருக்கும். அவர் தலையில் அடித்துக்கொள்வார். சிவப்பு மட்டும் நாவல்பழம் தின்ற மாதிரி நாக்கை இழுத்துப் பிடிக்கும். வறுத்த மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, வாயில் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும். இந்த நேரமெல்லாம் மண்ணாங்கட்டி கடைக்கு வெளியே நடந்துகொண்டே இருப்பார்.

திரும்பும்போதுதான் அவருடைய தொழிலே இருந்தது. எல்லையில் வாய்க்கால் மதகருகே மதுவிலக்குப் போலீஸ் காவல். பாட்டில் வைத்திருந்தால்தான் குற்றம் என்றில்லை, வாயில் வாடை அடித்தாலே கேஸ். அதனால் தீவை விட்டுக் கிளம்பும்போது ஆளுக்கு ஒரு கை கொய்யா இலையைக் கொடுத்து எங்களைக் கரும்புக் கொல்லை வரப்பில் நடக்கவிட்டு விடுவார். வெறும் வண்டியை அவர் ரோட்டு வழியாக ஓட்டிப் போவார். போலீஸ்காரர் வைக்கோலைக் குடைந்து பார்த்துவிட்டு ஊதச் சொல்வார். இவர் ஊதுவார். ஒன்றும் இருக்காது. மதகைத் தாண்டிப் போய் எங்களை ஏற்றிக்கொள்வார். இதற்காகவே மதுவிலக்கு வந்த நாளிலிருந்து அவர் ஒரு சொட்டு தொட்டதில்லை. போலீசுக்குச் சந்தேகம் இருந்தது, பிடிக்கத்தான் வழியில்லை.

வண்டி நன்றாக ஓடியது, வீடுதான் ஓடவில்லை. மகள் அம்சவள்ளிக்கு வயது ஏறிக்கொண்டே போயிற்று. வந்த வரன்களெல்லாம் தீவுக்கு ஆள் ஓட்டுகிறவன் பெண்ணா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போயின. மனைவி வெள்ளையம்மாள் வண்டியை விற்றுத் தொலையுங்கள் என்று தினமும் சொல்வாள். கடைசியாகத் தரகர் தூரத்தில் ஒரு இடம் பார்த்தார். திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் எடை போடும் கோதண்டபாணியின் மகன். கோதண்டபாணி தன் தெருவில் பெரிய மனுஷர், சனிக்கிழமை பஜனையில் அவர் குரல்தான் முதல் குரல். அந்த ஊரில் மண்ணாங்கட்டியும் தீவுக்காரரும் ஒரே ஆள் என்று யாருக்கும் தெரியாது. இது தவறினால் இன்னொன்று வரப்போவதில்லை என்று மண்ணாங்கட்டி என்னிடமே சொல்லியிருந்தார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க வருமுன் மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர் வேறு பெயர் சொல்லிக்கொண்டு ஊருக்குள் வந்து விசாரித்துவிட்டுப் போவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியில் நானும் ஒரு புது ஆளும்தான். சலவை ஜிப்பா, நெற்றியில் பளிச்சென்று நாமம். பெயர் ராஜாமணி, ஊர் பண்ணுருட்டி என்றார். கொஞ்ச தூரம் போனதும் மண்ணாங்கட்டியின் முதுகைப் பார்த்துக் கேட்டார்.

"ஏங்க, இந்த ஊர்ல மண்ணாங்கட்டினு ஒருத்தர் இருக்காராமே. ரெண்டு காணி நிலம், ஒரே பொண்ணு. ஆளு எப்படிங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மண்ணாங்கட்டி திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு அடங்கியது. பிறகு அந்த ஆளின் வலது கையைப் பார்த்தார். அதில் ஆறு விரல். கோதண்டபாணிக்கு ஆறு விரல் என்று தரகர் சொல்லியிருந்ததை எனக்குப் பிறகுதான் சொன்னார்.

"நல்ல மனுசன்னுதாங்க சொல்றாங்க," என்றார் மண்ணாங்கட்டி. "ஒரு எடத்துல நிக்கமாட்டாரு. அது ஒண்ணுதான் கொறை."

தீவில் கோதண்டபாணி குடித்ததை ருசி பார்த்தது என்று சொன்னால் அந்தோணிசாமிக்குப் பாவம் வந்து சேரும். வெள்ளையைக் கேட்டு வாங்கி மறுபடி குடித்தார். சிவப்பை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூன்றாவது வருவதற்குள் பஜனைப் பாட்டு ஒன்றை எடுத்தார். அப்புறம் அழ ஆரம்பித்தார். மண்டியில் யாரும் தன்னை மதிப்பதில்லை, மகன் பேசுவதில்லை, மாதத்துக்கு ஒரு தடவை பாண்டிச்சேரிக்குப் போய் இப்படி ரெண்டு வாய் குடிப்பதற்கே ஆயிரம் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது என்று மூக்கைச் சிந்தினார். அன்றைக்குப் பெண் வீட்டை விசாரிக்கும் சாக்கில் வந்தேன் என்பதையும் அவரே கொட்டிவிட்டார்.

மண்ணாங்கட்டி என்னை வெளியே கூப்பிட்டார். வேப்ப மரத்துக்கும் கிணற்றுக்கும் இடையே நடந்துகொண்டே பேசினார். நானும் பின்னாலேயே நடந்தேன்.

"பொண்ணு பாக்க வருவாரு. வாசல்ல என்னப் பாப்பாரு. அத்தோட எழுந்து போயிடுவாரு," என்றார். "குடிச்சிட்டு அழுவுறதப் பாத்தவன் மூஞ்சில யாருங்க சம்பந்தம் பண்ணுவாங்க?"

அன்றைக்கு எங்காவது வெளியூர் போய்விடுங்கள் என்றேன்.

"தாலி கட்ற அன்னைக்கி எங்கங்க போறது?"

அவர் இன்னும் கொஞ்ச நேரம் நடந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். திடீரென்று நின்றார். "என் வாயிலயும் வாடை இருந்தாத்தான் அவரு என் மூஞ்சியப் பாப்பாரு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அந்தோணிசாமியிடம் ஒரு கிளாஸ் சிவப்பு கேட்டார். அவர் வேடிக்கை என்று நினைத்து முதலில் ஊற்றவில்லை. மறுபடி கேட்டதும் ஊற்றினார். மண்ணாங்கட்டி கோதண்டபாணிக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார். வண்டியைத் தவிர வேறு இடத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான்.

"நாந்தாங்க மண்ணாங்கட்டி," என்றார். கோதண்டபாணி வாயைத் திறக்குமுன் கிளாஸைக் காலி செய்தார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. முகத்தைச் சுளித்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

கோதண்டபாணி காலிக் கிளாஸையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஆறு விரல் கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி அழுதார். இனி நாம் ரெண்டு பேரும் ஒன்று, உங்கள் பெண்தான் என் வீட்டு மருமகள், இந்த வார்த்தை மாறாது என்றார். எனக்கு அந்த நிமிஷம் அந்த ஆளைப் பிடித்துக்கூடப் போயிற்று.

கிளம்பும்போதுதான் எனக்கு மதகு ஞாபகம் வந்தது. வண்டியை இங்கேயே விட்டுவிட்டு எங்களோடு நடந்து வாருங்கள் என்று கெஞ்சினேன். மண்ணாங்கட்டி கேட்கவில்லை. காலையில் போன வண்டி திரும்பி வராவிட்டால் போலீஸ் கொல்லைக்குள் தேட இறங்கிவிடும், சம்பந்தி அகப்பட்டுக்கொள்வார் என்றார். கொய்யா இலையை ரெண்டு கையாலும் திணித்து மென்றுகொண்டே வண்டியில் ஏறினார். பழக்கமில்லாத உடம்பு, ஏறும்போதே கால் தடுமாறியது.

கரும்புக்குள்ளிருந்து நாங்கள் பார்த்தோம். போலீஸ்காரர் ஊதச் சொன்னார். இவர் ஊதினார். அந்தப் போலீஸ்காரரே நம்பாமல் இன்னொரு தடவை ஊதச் சொன்னார். கூட யார் வந்தது என்று அதட்டினார்.

"யாருமில்லீங்க. நானே போயி குடிச்சேன்," என்று மண்ணாங்கட்டி சொன்னது எங்களுக்குக் கேட்டது.

கோதண்டபாணி அதுவரை என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தார். மண்ணாங்கட்டியை நடத்திக் கூட்டிக்கொண்டு போனதும் கையை விட்டார். ஜிப்பாவில் ஒட்டியிருந்த சருகைத் தட்டினார். திண்டிவனம் பஸ் போய்விடும் என்றார்.

ராத்திரி லாக்கப், மறுநாள் விழுப்புரம் கோர்ட்டில் அபராதம். வளவனூர் முழுக்கப் பேச்சு. வெள்ளையம்மாள் அவருக்குச் சோற்றை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்சவள்ளி அவரைக் கண்டால் அடுக்களைக்குள் போய்விட்டாள். நடந்ததை அவர் இருவரிடமும் சொல்லவில்லை. பெண்களிடம் சொன்னால் என்றைக்காவது ஒரு கோபத்தில் திண்டிவனம் வரைக்கும் போய்விடும் என்று பயந்தார். கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்தபடியே தரகருக்குக் காத்திருந்தார். அவர் கவலையெல்லாம், அழுதவர் போதை தெளிந்த பிறகும் சொன்ன வார்த்தையை வைத்திருப்பாரா என்பதுதான்.

கோதண்டபாணி வார்த்தையைக் காப்பாற்றினார். அதை நான் மறுக்கவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு என்னையும் மண்ணாங்கட்டி அழைத்திருந்தார். கோதண்டபாணி என்னைப் பார்த்தார், யாரோ கடைக்காரனைப் பார்ப்பது போல. தட்டு மாற்றுமுன் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"சம்பந்தி குடிச்சிட்டு மாட்டிக்கினாருனு கேள்விப்பட்டோம். பொண்ணு நல்ல பொண்ணு, அதனால நாங்க பின்வாங்கல. ஆனா இனிமே தொடமாட்டேன்னு சபையில கற்பூரம் அணைச்சி சத்தியம் பண்ணணும்."

எழுந்து உண்மையை உடைத்துவிடலாமா என்று நினைத்தேன். மண்ணாங்கட்டி ஒரே ஒரு தடவை என் பக்கம் பார்த்தார். நான் வாயைத் திறந்தால் அந்தப் பெண்ணின் கல்யாணம் அங்கேயே நின்றுபோகும். வெற்றிலையை மென்று விழுங்கினேன். கற்பூரத் தட்டைக் கோதண்டபாணியே நீட்டினார். மண்ணாங்கட்டி உள்ளங்கையால் சுடரை அணைத்துச் சத்தியம் செய்தார். எவ்வளவு பெரிய மனசு இந்தத் திண்டிவனத்துக்காரருக்கு என்று கூடியிருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

மயிலம் கோயிலில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மண்ணாங்கட்டி தீவுக்கு வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டார். எரு அடிக்க மட்டும் வண்டி பூட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் படுகிற பாட்டைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. பாசஞ்சர் ஊதும் சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்கு வருவார், உள்ளே போவார், மறுபடி வருவார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாசஞ்சரிலிருந்து கோதண்டபாணி இறங்கினார். சம்பந்தி வீட்டுக்கு நேராக வந்தார். நலம் விசாரித்தார், மோர் குடித்தார். வெள்ளையம்மாள் உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தி, "இன்னா சம்பந்தி, வண்டி பூட்டலையா?" என்றார்.

மண்ணாங்கட்டி வண்டியைப் பூட்டினார். மகள் அந்த வீட்டில் இருக்கிறாள், வேறு என்ன செய்வார்? அதன் பிறகு மாதம் தவறாமல் கோதண்டபாணி வந்தார். அவரைக் கரும்புக் கொல்லையில் நடக்கவிட்டு, வெறும் வண்டியில் போய் மண்ணாங்கட்டி ஊதினார். வாய் சுத்தம்தான், ஆனால் போலீஸைத் தவிர யாரும் அதை நம்பவில்லை. சத்தியம் பண்ணியும் இந்த ஆள் திருந்தவில்லை, பாவம் அந்தச் சம்பந்திதான் திண்டிவனத்திலிருந்து வந்து கூடவே போய்க் காவல் காக்கிறார் என்று வளவனூர் சொன்னது. வெள்ளையம்மாளும் அதையே நம்பினாள்.

அறுபத்தொன்றில் பொங்கலுக்குச் சீர் கொண்டுபோனபோது நானும் அவரோடு திண்டிவனம் போனேன். அம்சவள்ளி கைக்குழந்தையோடு வந்தாள். நல்ல புடவை, முகத்தில் தெளிவு, கொஞ்சம் சதை போட்டிருந்தாள். மாமனார் தன்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை என்றாள். உள்ளே கோதண்டபாணி பஜனைக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். அவள் அப்பாவுக்குக் காபி கொடுத்துவிட்டு, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

"எங்க மாமா ஒரு சொட்டு தொட்டதில்லப்பா. அவரு மாதிரி நீங்களும் இருக்கக் கூடாதா?"

மண்ணாங்கட்டி காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"இருக்கறேம்மா," என்றார். பிறகு எழுந்துபோய், கரும்புக் கட்டைத் தூக்கிச் சுவரின் அந்தப் பக்கம் சாத்தினார். சரியில்லை என்று மறுபடி எடுத்து இந்தப் பக்கம் சாத்தினார்.